ப்ளூஸ் பாட்டு உங்கள் கட்டைக்குள் வருமா?

கச்சேரி மேடையில் யாரும் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய சுருதியிலேயே தானும் பாடுவேன் என்று அடம்பிடிப்பதில்லை. சுருதிப் பெட்டியைத் தன் தொண்டைக்குத் தக்கபடி வைத்துக்கொண்டுதான் எவரும் பாட உட்காருகிறார். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற எண்ணால் சொல்வார்கள்: ஒருவருக்கு ஒன்றரைக் கட்டை, இன்னொருவருக்கு ஐந்தரைக் கட்டை. இரண்டிலும் கல்யாணி ராகம் கல்யாணிதான். எம்.எஸ். பிறந்த மதுரையில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இதே ஊரில் கரோக்கே மைக்கைக் கையில் வாங்கியதும் இந்த அறிவு மறந்துபோகிறது. டிராக் எந்தச் சுருதியில் ஒலிக்கிறதோ அதிலேயே பாடியாக வேண்டும் என்று நினைத்துத் தொண்டையைக் கிழித்துக்கொள்கிறோம்.

திருநகரில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பாடுகிறோம். பெரும்பாலும் பழைய திரைப்பாட்டுகள். இரண்டு மூன்று வருடங்களாக இளையவர்கள் சிலர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டுகளையும் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்: பாட்டு உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஆசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், அளந்து முடிவு செய்யுங்கள். அளக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியில்தான். ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங் 1969-இல் பதிவு செய்த ‘தி த்ரில் இஸ் கான்’ பாட்டை அதே சுருதியில், அதாவது 7 கட்டையில், நண்பர்கள் முன்னால் பாடினேன். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அதன் உச்சிச் சுரம் எனக்கு எட்டியிருந்தது. அந்தத் தைரியத்தில் எழுந்து நின்றேன். முதல் சரணம் நன்றாகவே போயிற்று. மூன்றாவது சரணத்தில் குரல் உடைந்தது, பிறகு கடைசிவரை சேரவே இல்லை. உச்சியை ஒருமுறை தொடுவது வேறு, அங்கேயே குடியிருப்பது வேறு என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாட்டு திரும்பத் திரும்ப மேலேயே போய் நிற்கிறது.

மதுரைக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. 1922-இல் இந்த ஊரில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் குரலைக் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேல் ஸ்தாயியில் கணீரென்று நிற்பதுதான் ஆண் குரல் என்று காது பழகிவிட்டது. அது அவருக்கு வாய்த்த தொண்டை. உங்கள் தொண்டை எது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

உங்கள் எல்லையை அளப்பது

ஆர்மோனியம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் கீபோர்டு செயலி ஒன்று போதும். கணக்கு இதுதான்: விசைகளைத்தான் கட்டை என்கிறோம்; ஏழு வெள்ளைக் கட்டைகளுக்கும் 1 முதல் 7 வரை எண். இடையிலுள்ள கருப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரையும் ஏழரையும் கிடையாது. கரோக்கே டிராக்குகளில் இவற்றுக்கு மேற்கத்தியப் பெயர் இருக்கும்: 1 என்றால் சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. மெல்லிசைக் குழுக்காரர்கள் “என்ன ஸ்கேல்?” என்று கேட்பதும் இதைத்தான்.

எந்த நேரத்தில் பாடப்போகிறீர்களோ அந்த நேரத்தில் அளக்க வேண்டும். என் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்த கையோடு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, அடியில் இரண்டு கட்டை கூடுதலாக இறங்குகிறது என்று மகிழ்ந்தான். மாலை ஆறு மணிக்கு அந்த இரண்டும் காணாமல் போயிருந்தன. தூங்கி எழுந்த குரல் எவருக்கும் கனமாகத்தான் இருக்கும், அதை நம்பக் கூடாது. மாலையில், பத்து நிமிடம் மெதுவாக முனகித் தொண்டையைப் பதப்படுத்திக்கொண்ட பிறகு தொடங்குங்கள்.

நடுவில் வசதியான ஒரு சுரத்தில் ‘ஆ’ என்று பிடித்து, ஒவ்வொரு கட்டையாகக் கீழே இறங்குங்கள். கருப்புக் கட்டையையும் விடாதீர்கள். ஒலி கரகரத்துக் காற்றாகப் போகும் இடம் வந்ததும் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே ஏறுங்கள். மேல் எல்லையைக் கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

அன்று மாலை அக்கா மகன் மேலே ஏறிக்கொண்டே போனான். ஒரு கட்டத்தில் தாடை மெல்ல உயர்ந்தது. அடுத்த கட்டைக்குக் கழுத்து நரம்பு தெரிந்தது. அதற்கடுத்த கட்டைக்குத் தோள்கள் இரண்டும் காதை நோக்கி ஏறின. சுரம் என்னவோ சரியாகத்தான் வந்தது.

“மாமா, இன்னும் ஒரு கட்டை போகலாம்” என்றான்.

“போகலாம் மாப்பிள்ளை. ஆனால் அந்தச் சுரம் உனக்குச் சொந்தமில்லை, கடன் வாங்கியது” என்றேன்.

ஒவ்வொன்றாக இறங்கச் சொன்னேன். எந்தக் கட்டையில் தாடை பழைய இடத்துக்கு வந்ததோ அங்கே ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டினோம். அதுதான் அவனுடைய உண்மையான மேல் எல்லை. நீங்கள் தனியாகச் செய்வதானால் கண்ணாடி முன் நின்று செய்யுங்கள். காது பொய் சொல்லும், தாடை சொல்லாது. கள்ளத்தொண்டையில், அதாவது இயல்பான குரலை விட்டு மெல்லிய பொய்க்குரலில், எட்டும் சுரங்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ப்ளூஸில் அதற்கும் இடம் உண்டு என்றாலும், புதிதாக வருகிறவர் அதை நம்பிப் பாட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

வெள்ளையும் கருப்புமாக எண்ணினால், அவனுக்கு முட்டிமோதி எட்டியவை 22 கட்டைகள். சிரமமில்லாமல் வந்தவை 16. அடியில் ஒரு 7 கட்டையில் தொடங்கி, முழு ஸ்தாயியை (12 கட்டைகள்) தாண்டி, மேலே 2 கட்டையில் முடிகிறது. இந்த 16 என்ற எண்ணைத்தான் அவன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 22-ஐ மறந்துவிடலாம்.

ப்ளூஸ் தொண்டையிடம் என்ன கேட்கிறது

பாட்டை அளப்பதற்கு முன் அதன் அமைப்பைத் தெரிந்துகொண்டால் வேலை பாதியாகக் குறையும். அமெரிக்காவின் தென்பகுதியில் கறுப்பின மக்களின் வயல்வேலைப் பாட்டுகளிலிருந்தும் கூவல்களிலிருந்தும் பிறந்தது ப்ளூஸ். அதன் வழக்கமான வடிவம் 12 பார், அதாவது 12 தாளக் கூறுகள். பாருக்கு 4 அடி வீதம் 48 அடி. 8 அடி கொண்ட ஆதி தாளத்தில் 6 ஆவர்த்தனம், அதாவது 6 சுற்று, என்று எண்ணிக்கொள்ளுங்கள். இதற்குள் மூன்று வரிகள். முதல் வரி, அதே வரி மறுபடியும், பிறகு அதற்குப் பதில் சொல்வதுபோல் மூன்றாவது வரி. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு ஆவர்த்தனம். ஏறக்குறைய முதல் ஆவர்த்தனத்தில் நீங்கள் பாடுகிறீர்கள், இரண்டாவதில் கிட்டாரோ பியானோவோ பதில் சொல்கிறது.

அதாவது மூச்சுக்குப் பஞ்சமில்லை. நிமிடத்துக்கு 60 அடி ஓடும் மெதுவான பாட்டில், வரிக்கு வரி ஏறக்குறைய எட்டு நொடி ஓய்வு கிடைக்கிறது. நம் திரைப்பாட்டுகளில் எத்தனைக்கு இந்தச் சலுகை இருக்கிறது? புதியவர்களுக்கு ப்ளூஸை நான் மனதார சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இன்னொரு பக்கம் ஒரு கடினமும் இருக்கிறது. ப்ளூஸ் வரி பெரும்பாலும் மேலே தொடங்கிக் கீழே இறங்கும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் நான் கேட்ட ஒப்பாரிகளும் இப்படித்தான்: எடுத்த எடுப்பில் உச்சி, பிறகு இழுத்து இழுத்து அடிக்கு வந்து சேரும். கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி என்று படிப்படியாக ஏறிப் பழகியவருக்கு இது புதிது. தொண்டை சூடாவதற்குள் முதல் சொல்லே மேலே நிற்கிறது. அந்தச் சொல் சுகமாக வருகிறதா என்பதுதான் ப்ளூஸ் பாட்டுக்கான முதல் சோதனை. அது வராவிட்டால் அந்தச் சுருதியில் அந்தப் பாட்டு வேண்டாம்.

சுரங்களைப் பொறுத்தவரை நமக்கு அந்நியமானது எதுவுமில்லை. ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம் என்னும் சுத்த தன்யாசி ராகத்தின் ஐந்து சுரங்கள்தான் அதன் முதுகெலும்பு. இடையே பிரதி மத்திமத்தை ஒரு தொடு தொட்டுப் போகும். காந்தாரம் மட்டும் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில், எந்தக் கட்டையிலும் இல்லாத ஓர் இடத்தில் வளைந்து நிற்கும். ஆர்மோனியத்தில் அது வராது, தொண்டையில்தான் வரும். கமகம், அதாவது சுரத்தை அசைத்து, பாடிப் பழகியவர்கள் இதை உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் வளைக்க வேண்டுமென்றால் மேலே இடம் வேண்டும். எல்லையின் ஓரத்தில் நிற்கும் சுரத்தை வளைக்க முடியாது, அது விறைத்துக்கொள்ளும். எனவே பாட்டின் உச்சிச் சுரத்துக்கு மேல் உங்கள் எல்லைக்குள் இரண்டு கட்டையாவது மிச்சம் இருக்கட்டும்.

பாட்டை அளப்பது

பாட்டை முழுதாகக் கேளுங்கள். முதல் சரணத்தை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள், பாடகர்கள் உச்சியைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். மிக உயரமாகத் தோன்றும் சொல்லில் நிறுத்தி, அதை முனகியபடியே கட்டையைத் தேடுங்கள். மிகத் தாழ்ந்த சொல்லுக்கும் அப்படியே. இரண்டுக்கும் இடையே எத்தனை கட்டைகள் என்று எண்ணுங்கள்.

இதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பெண் பாடிய பாட்டை ஆண் முனகும்போது தன்னையறியாமல் ஒரு ஸ்தாயி கீழே முனகுவார், சுரம் ஒன்றாகவே கேட்கும். அந்த ஒரு ஸ்தாயி இறக்கத்தில் பாட்டின் மேல்பகுதி சுகமாக இருக்கும், அடிப்பகுதி முணுமுணுப்பாகிவிடும். ஆண் பாடிய பாட்டைப் பெண் எடுக்கும்போதும் இதே தொல்லைதான்: அதே ஸ்தாயியில் பாடினால் பாதாளம், ஒரு ஸ்தாயி ஏற்றினால் ஆகாயம். இரண்டுக்கும் நடுவே சுருதியை மாற்றுவதுதான் வழி. ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும் பாடுவது நம் இசையில் நெடுநாள் வழக்கம். அந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டால் எவ்வளவு மாற்ற வேண்டும் என்று ஓரளவு பிடிபடும்.

அடுத்து, பாட்டு எந்த உயரத்தில் அதிக நேரம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாளில் வரிகளை எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மேல், நடு, கீழ் என்று குறியுங்கள். உங்கள் எல்லையின் கடைசி நான்கு கட்டைகள் ‘மேல்’. பாதி வரிகளுக்கு மேல் ‘மேல்’ என்று வந்தால், உச்சி எட்டினாலும் அந்தச் சுருதி உங்களுக்கு ஆகாது. என் மூன்றாவது சரணம் உடைந்தது இந்தத் தாளை எழுதாததால்தான்.

என் மருமகன் எடுத்துக்கொண்ட பாட்டு 6 கட்டை. அதன் தாழ்ந்த சுரம் 3 கட்டை, உச்சி அடுத்த ஸ்தாயியின் 3 கட்டை. எண்ணிப் பார்த்தால் 13 கட்டைகள். அவனிடம் 16 இருக்கின்றன. ஆக அகலம் போதும், இடம்தான் சரியில்லை. அவன் எல்லை 2 கட்டையில் முடிகிறது, பாட்டு 3 கட்டைவரை போகிறது. இரண்டு அரைச்சுரம், அதாவது கருப்பையும் சேர்த்து இரண்டு கட்டை, இறக்கி 5 கட்டையில் வைத்தோம். இப்போது உச்சி அவன் எல்லையின் விளிம்பில் வந்து நின்றது. ஆனால் அவன் தாளில் பெரும்பாலும் ‘மேல்’ என்றே எழுதியிருந்தது, சுரத்தை வளைக்கவும் இடமில்லை. இன்னும் இரண்டு இறக்கி 4 கட்டைக்குக் கொண்டுவந்தோம். மேலே இரண்டு கட்டை மிச்சம், அடியில் ஒன்று மிச்சம். முதல் சொல்லைப் பாடினான், தாடை அசையவில்லை.

அகலமே போதாத பாட்டும் உண்டு. பாட்டுக்கு 19 கட்டை வேண்டும், உங்களிடம் 15 இருக்கிறது என்றால் சுருதியை எங்கே வைத்தாலும் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தப் பாட்டை இப்போதைக்குக் கேட்டு ரசியுங்கள்.

சுருதியை மாற்றுவது

கரோக்கே கருவியிலும் செயலியிலும் சுருதியை ஏற்ற இறக்கக் கூட்டல், கழித்தல் பொத்தான்கள் இருக்கும். ஓர் அழுத்தத்துக்கு ஓர் அரைச்சுரம், அதாவது அடுத்த கட்டை. நான்கு அழுத்தங்கள்வரை காது பொறுக்கும். அதற்கு மேல் போனால் டிரம் ஒலி சப்பையாகும், கிட்டார் ரப்பர் போல இழுபடும். அவ்வளவு மாற்ற வேண்டியிருந்தால் அதே பாட்டின் வேறு டிராக்கைத் தேடுங்கள். புகழ்பெற்ற ப்ளூஸ் பாட்டுகளை ஆண்களும் பெண்களும் பல சுருதிகளில் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள், அவற்றுக்குத் தனித்தனி டிராக்குகள் கிடைக்கின்றன. கிட்டாரை மையமாக வைத்த பாட்டுகள் 3 கட்டையிலும் 6 கட்டையிலும் அதிகம் இருப்பதற்கு, அந்த வாத்தியத்தின் திறந்த தந்திகள் அந்தச் சுருதிகளுக்கு வசதியாக இருப்பதே காரணம். உங்கள் தொண்டைக்கும் கிட்டார் தந்திக்கும் எந்த ஒப்பந்தமும் இல்லை. தயங்காமல் மாற்றுங்கள்.

ஒரேயடியாக இறக்கியும் விடாதீர்கள். ப்ளூஸில் ஒரு கூவல் இருக்க வேண்டும், கொஞ்சம் பிடித்துப் பாடும் இடம் வேண்டும். எல்லா வரியும் படுக்கையறைப் பேச்சு போல வந்தால் பாட்டு தூங்கிவிடும். எடுப்புச் சொல், அதாவது வரியின் முதல் சொல், நெஞ்சிலிருந்து உரக்க வரக்கூடிய சுருதிகளில் மிக உயரமான எதுவோ, அதுதான் உங்கள் சுருதி.

மைக்கின் உதவியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். தாழ்ந்த சுரங்களில் வாயை மைக்குக்கு அருகில், இரண்டு விரல் அகலத்தில் வைத்தால் அடிக்குரலுக்குக் கனம் கூடும். உரக்கப் பாடும் இடத்தில் ஒரு சாண் விலக்குங்கள். கீழே கொஞ்சம் பலவீனமாக இருப்பதை மைக் தாங்கிப்பிடிக்கும். மேலே எட்டாததை எந்த மைக்கும் எட்டவைக்காது. இரண்டு சுருதிகளுக்கு நடுவே தயங்கினால் தாழ்ந்ததை எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

உயிரெழுத்தையும் பாருங்கள்

உச்சிச் சுரத்தில் எந்த உயிரொலி வருகிறது என்று கவனியுங்கள். ‘ஆ’ வந்தால் அதிர்ஷ்டம், வாய் தானாகத் திறக்கும். ‘ஈ’யும் ‘ஊ’வும் வந்தால் அதே சுரம் ஒரு கட்டை உயர்ந்துவிட்டது போலக் கனக்கும். அப்போது ‘ஈ’யைக் கொஞ்சம் ‘ஏ’ பக்கம் சாய்த்துப் பாடலாம். ப்ளூஸ் பாடகர்கள் தாராளமாகச் செய்வதுதான் இது, சொல் கெட்டுவிடாது. ஆங்கில உச்சரிப்பு குறித்த கூச்சத்தில் வாயைப் பாதி மூடிப் பாடுகிறவர்கள் இங்கே அதிகம். அது சுருதியைத்தான் முதலில் கெடுக்கும்.

எங்கே தொடங்கலாம்

ஆண்களுக்கு மட்டி வாட்டர்ஸ் 1954-இல் பதிவு செய்த ‘ஹூச்சி கூச்சி மேன்’ நல்ல தொடக்கம். வாத்தியங்கள் ஓர் அடி அடித்து நிற்க, அந்த இடைவெளியில் ஏறக்குறையப் பேசுவதுபோல் பாட வேண்டும். சுரம் அதிகம் தாவுவதில்லை, தாளம்தான் கவனம் கேட்கும். பெண்கள் பெஸ்ஸி ஸ்மித்தைக் கேட்டுத் தொடங்கட்டும். லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் என்னும் ஊதுகருவியை வாசிக்க 1925-இல் அவர் பதிவு செய்த ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ பாட்டைக் கேளுங்கள். சில சுரங்களை மையமாகப் பிடித்துக்கொண்டு, அவற்றைச் சுற்றியே வளைத்து வளைத்து எவ்வளவு பெரிய பாட்டைக் கட்டுகிறார்! எட்டா ஜேம்ஸின் ‘ஐ’ட் ராதர் கோ ப்ளைண்ட்’ 1967-இல் வந்தது. இரண்டே கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) மாறிமாறி வருவதால் எளிது என்று நினைத்துப் பலர் எடுக்கிறார்கள். அமைப்பு எளிதுதான், குரலிடம் அது கேட்பது மிக அதிகம். ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

ப்ளூஸ் பாடகர் ஹவுலிங் வுல்ஃபின் கரகரப்பைப் போலிசெய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் உடம்பும் தொண்டையும் அப்படி. நாம் தொண்டையை இறுக்கிக் கரகரப்பை வரவழைத்தால் இரண்டே பாட்டில் குரல் கட்டிக்கொள்ளும். கட்டிய குரல் மூன்று வாரம் ஆகியும் தெளியாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

ஜிகர்தண்டாவைப் பாடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பாலும் பாசியும் ஐஸ்கிரீமும் தொண்டையில் படிந்த உணர்வோடு எடுப்புச் சொல்லைப் பிடிப்பது சிரமம். சாதாரணத் தண்ணீர் போதும், மதுரை வெயிலில் அது நிறையவே வேண்டும்.

கடைசிச் சோதனை

சுருதியை முடிவு செய்த பிறகு, நின்றுகொண்டு, கைப்பேசியில் பதிவு செய்தபடி பாட்டை இடைவிடாமல் மூன்று முறை பாடுங்கள். முதல் முறை எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். மூன்றாவது முறையின் கடைசிச் சரணத்தை மட்டும் போட்டுக் கேளுங்கள். அதில் எடுப்புச் சொல் சுருதிக்குக் கீழே தொங்கினாலோ, வரியின் முடிவு பிசிறடித்தாலோ இன்னும் ஓர் அழுத்தம் இறக்குங்கள். மறுநாள் காலை பேசும்போது தொண்டை உறுத்தினாலும் அப்படியே செய்யுங்கள். இரவு பாடிய பாட்டு காலையில் தொண்டையில் இருக்கக் கூடாது.

முடிவானதை எழுதிவையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்துப் பரபரப்பில் எண் மறந்துபோகும். என் மருமகனின் பாட்டு நோட்டில் அந்தப் பக்கத்தின் மேல்மூலையில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறான்: “4 கட்டை. டிராக்கில் கழித்தல் நான்கு. மூன்றாம் வரிக்கு முன்னால் முழு மூச்சு.” போன சனிக்கிழமை கருவியை இயக்கியவரிடம் அந்தப் பக்கத்தை நீட்டினான். அவர் பொத்தானை நான்கு முறை அழுத்தினார்.